ஆறிப்போன புண்ணுக்கு எதற்கு ஊசி?

கேள்வி: எனக்கு 19 வயது. சொந்த ஊர் ஏற்காட்டுப் பக்கம். சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். உடன் படிக்கும் பெண்ணுடன் உறவு இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் பிறப்புறுப்பில் வலியில்லாத புண் ஒன்று வந்து, சில வாரங்களில் தானாகவே ஆறிவிட்டது. "ஆறிடுச்சுல்ல, விடுடா" என்கிறான் நண்பன். பெரிய ஆஸ்பத்திரியில் பெரியப்பா மகள் நர்ஸ் என்பதால் அங்கே போகப் பயம். 'ரகசிய நோய்' என்று சுவரில் விளம்பரம் ஒட்டும் வைத்தியரிடம் போகலாமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: தம்பி, வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பீர்கள். வலிக்காததுதான் இதில் வம்பு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிபிலிஸ் என்கிற மேகப்புண்ணாக இருக்கலாம், பரிசோதித்தால்தான் உறுதி. அந்தப் புண் மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடும். கிருமி உடம்பில் தங்கிவிடும். அப்புறம் உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத தடிப்பு வரலாம். அதுவும் தானே மறையும். பல வருடம் கழித்து இதயம், மூளை, கண் எதிலும் கை வைக்கலாம். லேகியம் விற்பவருக்கு இதைவிட வசதியான நோய் கிடையாது: எதைக் கொடுத்தாலும் புண் ஆறும், பெயர் அவருக்கு!

வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்ப நிலை என்றால் பெரும்பாலும் ஒரே வேளை பென்சிலின் ஊசியோடு தீரும். (நன்றாகவே வலிக்கும், சொல்லிவிடுகிறேன்.) பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். எச்.ஐ.வி.யும் உறவால் பரவுவதுதான்; அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் அந்தப் பரிசோதனை இலவசம். இப்போது 'இல்லை' என்று வந்தாலும், கடைசி உறவுக்கு 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

சரி, அக்கா விஷயம். உங்கள் வயதுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டாம். உங்கள் சம்மதமின்றி எச்.ஐ.வி. முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் வராந்தாவில் அக்கா எதிரே வந்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்? நாமக்கல்லுக்கோ தருமபுரிக்கோ பஸ் ஏறுங்கள்; அங்கேயும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு இலவசமாக அழைத்தும் விசாரிக்கலாம்.

அந்தப் பெண்ணிடமும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்குப் புண் உள்ளே இருந்தால் கண்ணிலேயே படாது. சிகிச்சை எடுக்காமல் பின்னாளில் கருவுற்றால் குழந்தைக்கும் தொற்றலாம். "உன்னாலதான்" என்று ஆரம்பிக்காதீர்கள். "நான் டெஸ்டுக்குப் போறேன், நீயும் பாத்துடு" என்றால் போதும். இருவருக்கும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை உறவு வேண்டாம். அதற்கப்புறமும் ஆணுறை இல்லாமல் கூடாது.