சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது: ஒரு கேள்வி பதில்

மனித உரிமை வழக்குகளைக் கட்டணமில்லாமல் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில், மதுரைப் பக்கம், 14 வருடமாக வழக்கறிஞராக இருக்கிறேன். சொத்துத் தகராறும் செக் வழக்கும் எனக்கு ஆகாது. அவற்றைக் கேட்க வேண்டாம்.

கேள்வி: உண்மையிலேயே இலவசமா மேடம்?

ஆமாம். ஃபீஸ் கிடையாது, நகல் எடுக்கும் செலவும் எங்களுடையது. ஆனால் எல்லா வழக்கையும் எடுக்க மாட்டோம். போலீஸ் அத்துமீறல், சாதி வன்கொடுமை, கொத்தடிமை, குழந்தைகள் மீதான குற்றம், இவ்வளவுதான். மற்றவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், தொலைபேசி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கு அங்கே வருமான வரம்பே கிடையாது.

கேள்வி: நேற்று ராத்திரி என் தம்பியை 'விசாரணைக்கு' என்று கூட்டிப்போனார்கள். எந்த ஸ்டேஷன் என்றே சொல்லவில்லை. என்ன செய்வது அக்கா?

மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும், இதற்கு முதலில். கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். 'கைது இல்லை, விசாரணைதான்' என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்கிலிருந்து தப்பலாம் என்று நினைக்கிறார்கள். அதனால் கூட்டிப்போன நேரத்தை நீங்கள் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். முன்பெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் தந்தி அடிப்போம். 2013இல் தந்தியை மூடிவிட்டார்கள், இப்போது மின்னஞ்சல்தான். எஸ்.பி., தலைமைக் குற்றவியல் நடுவர், மாநில மனித உரிமை ஆணையம், மூவருக்கும் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், சீருடையில் வந்தார்களா என்று நான்கு வரி போதும். ஆள் எங்கே என்று சொல்லவே இல்லையென்றால் உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஸ்டேஷன் தெரிந்ததும் காமிரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மனு கொடுங்கள். 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அதே வருடம் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த வழக்கில் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார்.

விடும்போது வெற்றுத்தாளை நீட்டுவார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். தம்பியும் போடக் கூடாது, நீங்களும் போடக் கூடாது.

கேள்வி: புகாருக்கு சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். அது எஃப்.ஐ.ஆர். தானே?

இல்லை. மனு வாங்கியதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, போட்டால்தான் வழக்குப் பதிவானதாக அர்த்தம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். சி.எஸ்.ஆரை இப்படி மட்டம் தட்டாதீர்கள். வருகிற புகாருக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட்டால் பாதி பொய் வழக்காகத்தான் இருக்கும்.

ஐயா சொல்வதில் ஒரு பங்கு சரி. 3 முதல் 7 வருடத்துக்குள் தண்டனை வரும் குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு முதற்கட்ட விசாரணை செய்ய, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(3) இடம் தருகிறது. ஆனால் அதற்கும் 14 நாள்தான் கெடு. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 18ஏ பிரிவு அந்த விசாரணையே தேவையில்லை என்கிறது. பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி தீர்ப்பு 2013இலேயே சொல்லிவிட்டது.

கேள்வி (அவரே): ஸ்டேஷனில் ஆள் எத்தனை என்று தெரியுமா உங்களுக்கு?

தெரியும் ஐயா. எங்களிடம் வந்த ஒரு அம்மா சி.எஸ்.ஆர். ரசீதை லேமினேட் செய்து வைத்திருந்தார். மகனை அடித்த வழக்கு நடக்கிறது என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் ஆள் பற்றாக்குறை என்று சொல்லட்டுமா? எஃப்.ஐ.ஆர். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கேள்வி: சி.எஸ்.ஆர். நம்பர் இருக்கிறது, நேரே கேஸ் நடத்தலாமா?

முடியாது, மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: செங்கல் சூளையில் 40,000 முன்பணம் வாங்கினோம். கட்டாமல் வெளியே போகக் கூடாது என்கிறார் முதலாளி.

அது கொத்தடிமை முறை. 1976 சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, கடன் வாங்கிக் கட்ட ஓடாதீர்கள். கோட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். மீட்டதும் விடுவிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், மறுவாழ்வுத் தொகை அதை வைத்துத்தான். அங்கேயும் வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: 5,000 ரூபாய்க்கு 'மனித உரிமை' அடையாள அட்டை தருகிறார்களாம்.

வாங்காதீர்கள். ஆணையத்தில் புகார் கொடுக்கக் காசும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

கேள்வி: சி.எஸ்.ஆருக்கும் எஃப்.ஐ.ஆருக்கும்...

போதும், சாமி!

கேள்வி: அக்கா, தம்பி வந்துவிட்டான். முதுகில் அடி. ஏதோ தாளில் கையெழுத்து வாங்கினார்களாம்.

எழுதியிருந்த தாளா, வெறும் தாளா, எத்தனை தாள் என்று இப்போதே அவனிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அப்புறம் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தனியாரிடம் வேண்டாம். 'போலீஸ் அடித்தார்கள்' என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், 'விழுந்துவிட்டேன்' என்று சொல்லக் கூடாது. ஏ.ஆர். காப்பி, அதாவது காயத்தைக் குறிக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல், கேளுங்கள். நான் கிளம்பி வருகிறேன், மிச்சக் கேள்விகளுக்கு நாளைக்கு.