வீட்டிலேயே காக்டெய்ல் சிரப் செய்வது எப்படி? அதை வைத்து என்னென்ன கிளாசிக் பானங்கள் கலக்கலாம்?

கலர் கலராக விற்கும் சிரப் பாட்டில்களை வாங்க வேண்டாம். சீனி, தண்ணீர், ஒரு சின்ன எடைமெஷின், இவ்வளவு போதும். பயணிகள் கப்பலில் ஆறு வருடம் பார் கவுண்டரில் நின்றவன் நான். இப்போது தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டோடு இருக்கிறேன். கப்பலில் பிடித்த பழக்கங்களில் இன்றும் விடாதது, சிரப்பை நானே காய்ச்சுவதுதான்.

சீனியை நேராகப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். ஐஸ் போட்ட பானத்தில் சீனி லேசில் கரையாது. அடியில் தங்கிவிடும், முதல் வாய் புளிக்கும், கடைசி வாய் திகட்டும். அதனால்தான் முன்கூட்டியே கரைத்து வைக்கிறோம்.

அடிப்படை சிரப்புக்கு 200 கிராம் சீனி, 200 கிராம் தண்ணீர். கப்பால் அளக்காதீர்கள். ஒரு கப் தண்ணீர் 240 கிராம் இருக்கும், அதே கப்பில் சீனி 200 கிராம்தான் பிடிக்கும். கப் கணக்கில் போனால் சிரப் நீர்த்துப் போகும். தண்ணீரைச் சூடாக்கி, சீனியைப் போட்டுக் கிளறி, கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதிக்க விட்டால் தண்ணீர் வற்றி அளவு மாறிவிடும். பாகு பதமெல்லாம் பார்க்க வேண்டாம், அது அதிரசத்துக்கு.

இதை வைத்து முதலில் டைகிரி கலந்து பாருங்கள். கியூபாவில் சாந்தியாகோவுக்குப் பக்கத்தில் உள்ள டைகிரி என்ற ஊரின் பெயர்தான் இதற்கும். வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, சிரப் 20. ஷேக்கர் இல்லையென்றால் இறுக்கமான மூடி உள்ள பெரிய பாட்டிலில் நிறைய ஐஸோடு ஊற்றி, பாட்டில் கையைச் சுடுகிற அளவுக்குச் சில்லிடும்வரை குலுக்கி வடிகட்டுங்கள். ரம்முக்குப் பதில் விஸ்கி ஊற்றினால் விஸ்கி சவர். ஜின் ஊற்றி, நீளக் கிளாஸில் மேலே சோடா விட்டால் டாம் காலின்ஸ். மது, புளிப்பு, இனிப்பு என்ற இந்தக் கணக்கு பிடிபட்டால் பாதிக்குமேல் கிளாசிக் பானங்கள் கைக்கு வந்துவிடும். டாம் காலின்ஸுக்கு வெளிநாட்டுக் குறிப்புகளில் பெரிய மஞ்சள் எலுமிச்சையைச் சொல்வார்கள். நம்மூர் சின்ன எலுமிச்சையில் புளிப்பும் லேசான கசப்பும் தூக்கல். ஐந்து மில்லி குறைத்தே பிழியுங்கள்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கருப்பட்டி.

1806-ல் அமெரிக்காவின் ஹட்சன் ஊரிலிருந்து வந்த ஒரு பத்திரிகை காக்டெய்ல் என்றால் மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (மூலிகைகளை மதுவில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறு) என்று எழுதியது. இன்றைய ஓல்டு ஃபேஷன்டு கிட்டத்தட்ட அதே பானம்தான். அதில் சர்க்கரையின் இடத்தில் கருப்பட்டியை வைத்தால், டார்க் ரம்மோடு சேர்ந்து அப்படி ஒரு ஆழம் வருகிறது. கப்பலில் எத்தனையோ உயர்ந்த சிரப்களைத் தொட்டிருக்கிறேன். இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

சிரட்டையில் ஊற்றி எடுத்த நல்ல கருப்பட்டியாக வாங்குங்கள். சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் உண்டு. வாயில் போட்டால் வெறும் இனிப்பு மட்டும் நின்றால் அதை விட்டுவிடுங்கள். நல்லதில் ஒரு புகை வாசமும் துளி உப்புக்கரிப்பும் இருக்கும். 200 கிராமைத் தட்டிப் பொடித்து, 120 மில்லி தண்ணீரில் சிறுதீயில் கரைக்க வேண்டும். துணியில் வடிகட்டி, ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். அக்கானி (பதநீர்) புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள் அல்லவா, அந்த மிச்சமும் மண்ணும் அடியில் படியும். காலையில் தெளிவை மட்டும் மெதுவாக இறுத்துக்கொள்ளுங்கள்.

டார்க் ரம் 60 மில்லி, கருப்பட்டி சிரப் ஒரு டீஸ்பூன், பிட்டர்ஸ் இரண்டு சொட்டு. பெரிய ஐஸ்கட்டி போட்டு அரை நிமிடம் கிளறி, ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்துவிடுங்கள். குலுக்கக் கூடாது. பெரிய ஐஸுக்கு அச்சு தேவையில்லை, சின்ன சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி உறையவைத்தால் போதும். ரம்மில் கோலா ஊற்றியே பழகிய என் அத்தான் இதைக் குடித்துவிட்டு, "எலேய், இதுல நம்ம வீட்டு கருப்பட்டிக்காப்பி வாசம்லா அடிக்கி" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

பிட்டர்ஸ் கிடைக்கவில்லை என்றால் கிராம்பு கைகொடுக்கும். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாறாமலைப் பக்கத்துச் சரக்கின் காரமும் மணமும் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் அளவு முக்கியம். முதல் தடவை பத்துப் பன்னிரண்டு கிராம்பைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். மறுநாள் சிரப் கசந்தது, நாக்கு மரத்தது. கிராம்பில் இருக்கும் யூஜெனால் எண்ணெயின் வேலை அது. முழு பாட்டிலையும் கொட்ட வேண்டியதாயிற்று. 200 கிராம் சீனிக்கு நான்கு கிராம்பு, சூடான சிரப்பில் 20 நிமிடம், பிறகு எடுத்துவிடுங்கள்.

தேனும் நல்ல வழி. மார்த்தாண்டம் பக்கம் எடுக்கும் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தேன். ரப்பரின் இளம் இலைக்காம்பில் சுரக்கும் மதுவைத்தான் தேனீக்கள் எடுக்கின்றன. தேனும் வெதுவெதுப்பான தண்ணீரும் சம அளவு கலக்கினால் சிரப் தயார், அடுப்பில் வைக்காதீர்கள். ஜின் 60, எலுமிச்சை 20, தேன் சிரப் 20. குலுக்கி வடித்தால் பீஸ் நீஸ்.

அப்புறம் இன்னொன்று: எலுமிச்சை பிழியும் நாட்களில் தோலை வீசாதீர்கள். பச்சைத் தோலை மட்டும் சீவி, சீனியில் பிசறி ஒரு ராத்திரி மூடி வைத்தால் அதன் எண்ணெய் முழுக்க சீனியில் இறங்கிவிடும். அந்தச் சீனியை எலுமிச்சைச் சாற்றிலேயே கரைத்து வடிகட்டினால் வீட்டு லைம் கார்டியல். ஜின்னோடு கலந்தால் கிம்லெட். குடிக்காதவர்களுக்கு இதையே சோடாவில் ஊற்றிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குத்தான் கிராக்கி அதிகம்.

எந்த சிரப்பானாலும், வெந்நீரில் கழுவி ஈரமில்லாமல் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் சீக்கிரம் பூஞ்சை வந்துவிடும். சம அளவு சிரப் மூன்று வாரம் தாங்கும். இரண்டு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர் என்றால் இரண்டு மாதம்கூட இருக்கும், ஆனால் பானத்தில் அளவைக் குறைத்து ஊற்ற வேண்டும். தேன் சிரப்பையும் கார்டியலையும் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். செய்த தேதியை எழுதி பாட்டிலில் ஒட்டுங்கள். கலங்கினாலோ, மேலே நூல் போல ஏதாவது மிதந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.