தொழில் கேள்வி–பதில்: செய்ததையே செய்கிற கைக்கு ஆர்வம் எங்கிருந்து வரும்?

பேரணாம்பட்டு வாசகி: ஷூ கம்பெனிகளில் மிஞ்சும் துண்டுத் தோலை கிலோ கணக்கில் வாங்கி, வீட்டிலேயே பர்ஸ் தைத்து விற்கிறேன். வாங்குகிறவர்கள் குறை சொல்வதில்லை. ஆனால் விலையும் ஏறவில்லை, எனக்கும் ஆர்வம் குறைந்துகொண்டே போகிறது. இன்னும் நன்றாகச் செய்யவேண்டும் என்ற ஆசை எப்படி வரும்?

பதில்: ஆசை வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். போன மாதத்தைவிட இந்த மாதம் நன்றாக வந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் கை தானாக ஓடும். ஹார்வர்டு பேராசிரியை தெரசா அமபில், 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரின் ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தார். மனம் உற்சாகமாக இருந்த நாட்களில் வேறெதையும்விட அதிகமாகத் தென்பட்டது, செய்கிற வேலை கொஞ்சமாவது முன்னேறியது என்ற குறிப்புதான். உங்களுக்கோ முன்னேறியதா என்று பார்க்கவே வழியில்லை. போன வருஷம் தைத்த பர்ஸ் ஒன்றுகூட இப்போது வீட்டில் இருக்காது, எல்லாம் விற்றுப்போயிருக்கும்.

அதனால் முதல் வேலை, பழைய பர்ஸ்களைத் திரும்ப வாங்குவது. ஒரு வருஷம் புழங்கிய பர்ஸைக் கொடுத்தால் புதியது பாதி விலை என்று தெரிந்த நாலைந்து பேரிடம் சொல்லுங்கள். ‘குறை இல்லை’ என்று வாயால் சொன்னவரின் பர்ஸ் உண்மையைச் சொல்லிவிடும். மடிப்பில் வெடிப்பு, மூலையில் பிரிந்த தையல், தளர்ந்துபோன கார்டு அறை என்று எது அதிகம் கண்ணில் படுகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை காத்திருக்கட்டும்.

துண்டுத் தோலில் நிச்சயம் இருக்கும் குறை, தடிமன் ஒரே சீராக இல்லாதது. தடிமன் அளக்கும் திக்னஸ் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள். வெளிப்பக்கத்துக்கு 1 முதல் 1.2 மி.மீ., உள் அறைகளுக்கு 0.6 முதல் 0.8 மி.மீ. என்று துண்டுகளை முதலிலேயே பிரித்து வையுங்கள். நாலு அடுக்கு ஒரே ஓரத்தில் சேர்ந்தால் 3 மி.மீ. தாண்டிவிடும்; பர்ஸ் மூடாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்பது இதனால்தான். ஓரம் மடிக்கும் இடத்தில் 10 மி.மீ. அகலத்துக்குப் பாதித் தடிமனாகச் சீவுங்கள். கத்தி மழுங்கினால் தோல் சீவாது, இழுபட்டுக் கிழியும். சில துண்டுகளுக்கு ஒருமுறை தீட்டியே ஆகவேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் இழுத்தால் நீளும், அதில் கார்டு அறை வைத்தால் சீக்கிரம் தொளதொளத்துவிடும். முதுகுப் பகுதித் தோல் கெட்டியானது. துண்டைக் கையால் இழுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

தையல் மூலையில் பிரிகிறது என்றால், இன்னும் நெருக்கமாகத் தைக்கத் தோன்றும். துணிக்கு அது சரி. தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. நெருங்கத் தைத்தால் ஓட்டை வரிசையிலேயே கிழிந்துவிடும். 3 முதல் 3.5 மி.மீ. தையல் நீளம் போதும். தோலுக்கென்று வரும் ஊசியும் பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலும் வேண்டும். தையலுக்கு முன் ஒட்டும் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, விரலில் பிசுக்கென்று ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் பிடிக்காது.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் பத்து பர்ஸுக்கு மட்டும். சீவலை மாற்றினால் தையலை அப்படியே விடுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பத்தில் ஒன்றை விற்காமல், தேதியும் அளவும் எழுதிய சீட்டோடு எடுத்து வையுங்கள். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பர்ஸுக்குப் பத்து நிமிஷம் கூடினால், மணிக்கு 90 ரூபாய் கூலிக் கணக்கில் 15 ரூபாய் செலவு. அந்தப் பத்தை மட்டும் 30 ரூபாய் கூட்டி விற்றுப் பாருங்கள். போனால் நல்ல மாற்றம். போகாவிட்டால், வாங்குகிறவர் கண்ணுக்கு அது தெரியவில்லை என்று அர்த்தம். விற்கும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆற்காடு வாசகர்: மக்கன் பேடா (முந்திரி போன்ற பருப்பை உள்ளே வைத்த கோவா உருண்டையைப் பொரித்துப் பாகில் ஊறவைக்கும் இனிப்பு) போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு நாள் அருமையாக வருகிறது, ஒரு நாள் எண்ணெயில் விரிந்துவிடுகிறது, ஒரு நாள் நடுவில் கட்டியாக நிற்கிறது. வெறுத்துப்போகிறது.

பதில்: ருசியைக் கூட்டுவது அப்புறம். தினமும் ஒரே மாதிரி வரவைப்பதுதான் உங்கள் முதல் வேலை. கோவாவின் ஈரம் நாளுக்கு நாள் மாறும், நீங்களோ மைதாவைக் கண்ணளவில் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அரை கிலோ கோவாவுக்கு 150 கிராம் மைதா என்று தராசில் நிறுத்துத் தொடங்குங்கள். ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பார்த்த பிறகே மீதியை உருட்டுங்கள். விரிந்தால் மைதா குறைவு, அல்லது சோடா அதிகம், அல்லது பருப்பு வைத்த வாயைச் சரியாக மூடவில்லை. முதலில் மைதாவை மட்டும் 10 கிராம் கூட்டுங்கள், சோடாவைத் தொடாதீர்கள்.

நடுவில் கட்டி நிற்பதற்குக் காரணம் எண்ணெய்ச் சூடு. மேல்பக்கம் சட்டென்று சிவந்து இறுகிவிட்டால் உள்ளே வேகாது, பாகும் இறங்காது. உருண்டை அடியில் கொஞ்ச நேரம் கிடந்து மெதுவாக மேலே வரவேண்டும். பாகு பிசுபிசுப்புப் பதத்தோடு நிற்கட்டும். கம்பிப் பதம் வந்தால் உள்ளே போகாமல் மேலேயே பூத்துவிடும். கோவா எந்தக் கடையில் வாங்கியது, மைதா எத்தனை கிராம், எத்தனை விரிந்தது என்று மூன்று விவரத்தை அடுப்புப் பக்கத்து நோட்டில் எழுதிவாருங்கள். கோவா வாங்கும் இடத்தை மாற்றவேண்டுமா என்பதைக்கூட அந்த நோட்டே சொல்லிவிடும்.

வேலூர் மாணவர்: மூடு வந்தால்தான் வரைகிறேன். படமும் ஒரு வருஷமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது.

பதில்: தினம் ஒரு புதுப் படம் வேண்டாம். கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு தூணைத் தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்து வரையலாமா என்று அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் யாளியின் தலைக்கும் உடலுக்கும் உள்ள அளவு விகிதம் மட்டும், 20 நிமிஷம், நிழல் போடவே கூடாது. இரண்டாம் வாரம் நிழல் மட்டும், ஒரே பென்சிலில், தினமும் ஒரே நேரத்தில். வெயில் சாய்ந்தால் நிழலும் மாறிவிடும். தேதி போட்டு, முதல் தாளையும் பதினான்காம் தாளையும் அருகருகே சுவரில் ஒட்டுங்கள்.