பெண்களுக்கு எது கன்டோன்?

அன்புள்ள ஐயா,

சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சியைப் பாராட்டி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். இருபது ஆண்டுகளாக பேர்ன் நகரில் வசிப்பவள் நான். நான்கு மொழிகள் அடித்துக்கொள்ளாமல் வாழ்கின்றன என்றீர்கள், சரி. அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற கன்டோனில், அதாவது மாநிலத்தில், 1990 வரை பெண்கள் உள்ளூர் விவகாரங்களில் வாக்களிக்க முடியவில்லை என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கன்டோனின் உரிமை என்பதைக் கேடயமாகப் பிடித்துத்தானே அங்கே மறுத்தார்கள்? கூட்டாட்சி ஆணாதிக்கத்துக்குப் போட்ட வேலிதானோ?

ஒரு வாசகி, பேர்ன்

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டது என் தவறுதான். மொழியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போகிற நோய் எனக்கு உண்டு. தமிழில் எழுதுகிறவர்கள் பலருக்கும் உண்டு.

அப்பன்செல் கதை நீங்கள் எழுதியதைவிடக் கசப்பானது. 1971லிருந்து அந்த ஊர்ப் பெண் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆனால் தன் ஊர்ச் சதுக்கத்தில் கூடும் மக்கள் சபையில் கையுயர்த்த முடியாது. ஆண்களுக்கு இடுப்பில் செருகிய வாளே வாக்காளர் அட்டை. 1973, 1982, 1990 என மூன்று முறை கூடி மறுத்தார்கள். கடைசியில் கூட்டாட்சி நீதிமன்றம்தான், 1981ல் அரசியலமைப்பில் சேர்ந்த சமத்துவ விதியைக் காட்டி, 1990 நவம்பரில் கதவைத் திறந்தது.

ஆனால் 1959 பிப்ரவரி 1ஆம் தேதியையும் பாருங்கள். நாடு தழுவிய வாக்கெடுப்பில் 67 சதவீத ஆண்கள் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றார்கள். அதே நாளில், பிரெஞ்சு பேசும் வோ கன்டோனின் ஆண்கள் தங்கள் கன்டோனில் அதைக் கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் நெஷாட்டெல், அடுத்த ஆண்டில் ஜெனீவா. எல்லாமே கூட்டாட்சி அரசு இருக்கும் பேர்னில்தான் முடிவாகும் என்றிருந்தால், வோவின் தலைநகரான லோசானில் இருந்த பெண்ணும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே வேலி என்பதை நான் ஏற்கவில்லை. என் குறை வேறு. ஏழு பேர் கொண்ட அமைச்சரவையில் மொழிப் பகுதிகளுக்கு உரிய இடம் வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. பெண்களைப் பற்றி அப்படி ஒரு வரி இல்லை. இடஒதுக்கீடு கேட்டு 2000ல் வாக்கெடுப்பு நடந்தபோது 82 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். பிரெஞ்சுக்கு நிலம் இருக்கிறது, எல்லை இருக்கிறது. பெண்களோ இருபத்தாறு கன்டோன்களிலும் சிதறியிருக்கிறார்கள். அவர்களுக்கென்று வரைபடத்தில் நிறம் எதுவும் இல்லை.

1993ல் இது வெட்டவெளிச்சமானது. அமைச்சரவையில் பிரெஞ்சுப் பகுதியின் இடம் ஒன்று காலியானது. சோஷலிஸ்டுகள் கிறிஸ்டியான் புருனேர் என்ற பெண்ணை நிறுத்தினார்கள். நாடாளுமன்றம் அதே கட்சியின் பிரான்சிஸ் மத்தே என்ற ஆணைத் தேர்ந்தெடுத்தது. அவரும் பிரெஞ்சு பேசுபவர், மொழிக் கணக்கு பிசகவில்லை! பெண்கள் வீதிக்கு வந்தார்கள். மத்தே பதவியை மறுத்தார். ஒரே வாரத்தில் ரூத் டிரைஃபஸ் அமைச்சரானார்.

அவர் 1999ல் நாட்டின் முதல் பெண் அதிபர். அதே ஆண்டு ஜூனில் அவர் முன்வைத்த, மகப்பேறு விடுப்புக்கு ஊதியம் தரும் காப்பீட்டை வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். பிரெஞ்சுப் பகுதி ஆதரித்தது, ஜெர்மன் பகுதி எதிர்த்தது. ஜெனீவா பொறுக்காமல் 2001ல் தனக்கென்று ஒரு காப்பீட்டைக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் 14 வார ஊதிய விடுப்பு 2005ல்தான் வந்தது. கூட்டாட்சி இல்லையென்றால் அந்த நான்கு ஆண்டுகள் ஜெனீவாத் தாய்மாருக்குக் கிடைத்திருக்காது.

2022 செப்டம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். பெண்களின் ஓய்வு வயதை 64லிருந்து 65க்கு உயர்த்த வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்தது, மயிரிழை வித்தியாசத்தில். பிரெஞ்சு, இத்தாலியப் பகுதிகள் எதிர்த்ததை மறுநாளே கன்டோன் வாரியாக வரைபடம் போட்டுக் காட்டினார்கள். பெண்களில் பெரும்பான்மையினர் எதிர்த்ததைக் கருத்துக்கணிப்பில்தான் தேட வேண்டியிருந்தது.