கோழிக்கும் மாட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி: பறவைக் காய்ச்சல் பயம் நியாயமா?

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் எட்டு கறவை மாடுகள், நாற்பது கோழிகள், கொஞ்சம் வாத்துகள், நான்கு பன்றிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே வளாகம்தான், தண்ணீரும் ஒரே தொட்டியில்தான். பக்கத்து ஏரியில் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும். நான்கு நாளாக ஒரு மாட்டில் பால் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு காம்பில் மட்டும் மஞ்சளாக, திரிதிரியாக வருகிறது. மாட்டுக்கும் பறவைக் காய்ச்சல் வருகிறது என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. இது அதுதானா? பாலைக் குடிக்கலாமா? போன வாரம் எனக்கும் காய்ச்சல், சளி. என்னிடமிருந்து இவற்றுக்குப் போயிருக்குமா? பேசாமல் கோழிகளை விற்றுவிடலாமா?

பதில்: வணக்கம். முதலில் அந்த மாட்டைப் பார்த்துவிடுவோம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ‘ஒரு காம்பில் மட்டும்’ என்ற விவரம். அதை வைத்துப் பார்த்தால் இது சாதாரண மடிநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மடியின் அந்தக் கால்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். மற்ற மூன்றைவிடச் சூடாக, கல் போல இறுகி, கை வைத்தாலே மாடு காலைத் தூக்கினால், அது பாக்டீரியா வேலை. முதல் நான்கைந்து பீச்சுப் பாலை ஒரு கறுப்புத் துணியில் விட்டால் திரி நன்றாகத் தெரியும். இன்றே கால்நடை மருத்துவரை வரச் சொல்லுங்கள். மிச்சம் இருந்த பழைய ஊசி மருந்தை நீங்களாகக் காம்பில் ஏற்ற வேண்டாம். அதுவரை இந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். அதன் பாலைக் கன்றுக்கும் ஊட்டாதீர்கள், பூனைக்கும் வைக்காதீர்கள். பூனையை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

அதற்காக நீங்கள் பார்த்த வீடியோ பொய் என்று ஆகிவிடாது. 2024 மார்ச் 25 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ், கான்சாஸ் மாநிலக் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் இருப்பது உறுதியானது. அதற்கு முந்தைய சில வாரங்கள் அங்கிருந்த மருத்துவர்களுக்கே ஒன்றும் புரியவில்லை. மாடுகள் தீவனத்தில் வாய் வைக்கவில்லை, அசைபோடுவது குறைந்தது, பால் திடுதிப்பென்று சரிந்தது. மடி வீங்குவதற்குப் பதிலாகத் தளர்ந்து தொங்கியது. பெரும்பாலும் நான்கு காம்பிலும் பால் கெட்டியாக, சீம்பால் நிறத்தில் வந்தது. வழக்கமான மடிநோய்க் கிருமிகளைத் தேடினால் எதுவும் சிக்கவில்லை. துப்புக் கொடுத்தவை கொட்டகைப் பூனைகள். ஒரு பண்ணையில், நோய்ப்பட்ட மாட்டின் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. பார்வை மங்கி, தள்ளாடி, சுற்றிச் சுற்றி வந்து விழுந்திருக்கின்றன. பூனைகளின் மூளையிலும் மாட்டுப் பாலிலும் ஒரே வைரஸ்தான் இருந்தது. பிறகு அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாட்டுப் பண்ணைகளில் அது கண்டுபிடிக்கப்பட்டது.

பறவையின் குடலில் வாழ்கிற வைரஸுக்கு மாட்டு மடியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பறவைக் காய்ச்சலும் ஒரு வகை இன்ஃபுளுவென்சா (ஃபுளூ) தான். இன்ஃபுளுவென்சா வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய, அந்தச் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகைச் சர்க்கரை நுனியைப் பற்றிக்கொள்ள வேண்டும். பறவைக் குடலில் இருக்கும் நுனி ஒரு மாதிரி, மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் இருப்பது இன்னொரு மாதிரி. மடியின் பால் சுரப்பிகளைச் சோதித்தபோது இரண்டு வகையும் அங்கே தாராளமாக இருந்தன. மாட்டின் சுவாசப் பாதையில் பறவை வகை அவ்வளவாக இல்லை. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். மூக்கு வழியாக வைரஸைக் கொடுத்த கன்றுகளுக்கு அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. காம்பு வழியாக ஏற்றிய மாடுகளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது, பால் வற்றியது. அதிலும் ஏற்றிய காம்புகளில்தான் நோய், பக்கத்துக் காம்புக்கு அது தாவவில்லை.

அதாவது மாட்டிலிருந்து மாட்டுக்கு இது பெரும்பாலும் இருமலில் பரவுவதாகத் தெரியவில்லை. பால் கறக்கும்போது பரவுகிறது. ஒரு மாட்டிலிருந்து கழற்றிய கறவை இயந்திரத்தின் ரப்பர்க் குவளையை அப்படியே அடுத்த மாட்டுக்கு மாட்டுவது, ஈரக் கையோடு அடுத்த மடியைத் தொடுவது, எல்லா மடிக்கும் ஒரே துணி. பால் ஒட்டிய ரப்பரிலும் எவர்சில்வரிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைரஸ் உயிரோடு இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மாட்டுக்கு வந்திருப்பது வெறும் மடிநோய் என்றாலும் அதுவும் இதே வழியில்தான் பரவும். எனவே கறவைக்குக் கறவை கை கழுவுவதும், மாட்டுக்கு ஒரு துணி வைப்பதும் எப்படியும் வீண் போகாது. இன்ஃபுளுவென்சா வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது என்பதால் சோப்புத் தண்ணீரே அதைக் குலைத்துவிடும்.

இனி நான் உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டிய இடம். கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் ‘தண்ணீரும் ஒரே தொட்டியில்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் கவலை மாட்டைவிட அந்தத் தொட்டி மேல்தான். மாடுகளில் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில நாள் முன்பு, மினசோட்டா மாநிலத்தில் ஒரு சிறு பண்ணையில் ஆட்டுக்குட்டிகள் எச்5என்1 வந்து செத்தன. அங்கே ஏற்கெனவே கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் நோய் வந்திருந்தது, ஆடுகளும் அவற்றோடு ஒரே இடத்தில் ஒரே தண்ணீரைக் குடித்து வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஒரேகான் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பண்ணையில் பன்றிகளுக்கு இந்த வைரஸ் வந்தது. அங்கேயும் கோழிகளும் மற்ற கால்நடைகளும் தண்ணீர், கொட்டகை, கருவிகள் எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொண்டிருந்தன. 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு செம்மறி ஆட்டின் பாலில் வைரஸ் இருந்தது. அதுவும் வளர்ப்புப் பறவைகளுக்கு நோய் வந்த இடம்தான். இவை எதுவும் பெரிய தொழிற்சாலைப் பண்ணைகள் இல்லை. கிட்டத்தட்ட உங்களுடையதைப் போன்ற கலப்புப் பண்ணைகள்.

வாத்துகளில்தான் சிக்கல். கோழிக்கு வந்தால் மறைக்க முடியாது. ஓரிரு நாளில் கொத்தாகச் சாகும், கொண்டையும் தாடியும் நீலம் பாயும், முகம் வீங்கும், முட்டை நின்றுவிடும். வாத்து பல நேரங்களில் நன்றாகவே தின்றுகொண்டு, நீந்திக்கொண்டு, எச்சத்தில் வைரஸை விட்டுக்கொண்டிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அது வாரக்கணக்கில் தாங்கும். ஏரியில் காட்டு வாத்துகளோடு மேய்ந்துவிட்டு வந்த வாத்து உங்கள் தொட்டியில் இறங்கிக் குளிக்கிறது, அதிலேயே பன்றி மூக்கை விடுகிறது, மாடு குடிக்கிறது. மடியைக் கழுவவும் அதே தண்ணீரை எடுப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஆகவே வாத்துகளை, குறைந்தது வலசைப் பறவைகள் இருக்கும் மாதங்களிலாவது, ஏரிக்கு விடாமல் அடைப்புக்குள் வைத்து அவற்றுக்குத் தனித் தண்ணீர் கொடுங்கள். மாட்டுத் தொட்டிக்கு மேல் பறவை உட்கார முடியாதபடி வலை போடுங்கள். மடி கழுவத் தொட்டித் தண்ணீர் கூடாது. கோழிக் கொட்டகைக்கென ஒரு ஜோடி செருப்பு தனியாக இருக்கட்டும். சிந்திய தீவனத்தை உடனே பெருக்கிவிடுங்கள், காட்டுப் பறவைகளை உள்ளே கூப்பிடுவது அதுதான்.

உங்கள் சளி விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாக மனிதனுக்கு வரும் ஃபுளூ கோழிக்குப் போவது அபூர்வம். மாட்டுக்கும் அப்படித்தான். (மாட்டுக்கென்றே ‘டி’ வகை இன்ஃபுளுவென்சா ஒன்று உண்டு. 2011-இல் முதலில் ஒரு பன்றியில் கிடைத்து, அப்புறம்தான் அதன் சொந்த வீடு மாடு என்று தெரிந்தது. அது லேசான சுவாச நோயோடு சரி.) ஆனால் பன்றிகளுக்கு நீங்கள் தாராளமாகக் கொடுக்க முடியும். 2009-இல் உலகெங்கும் பரவிய எச்1என்1-ஐப் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று சொல்லிப் பழியைப் பன்றி மேல் போட்டோம். அதே வைரஸ் அதற்குப் பிறகு 2021 வரை, அமெரிக்காவில் மட்டும், மனிதரிடமிருந்து பன்றிகளுக்குச் சுமார் 370 தடவை தனித்தனியாகத் தாவியிருப்பதை மரபணு ஆய்வு காட்டியது. நாம் கொடுத்ததே அதிகம்!

இது ஏன் பெரிய விஷயம் என்றால், இன்ஃபுளுவென்சா ‘ஏ’ வைரஸின் மரபணு ஒரே இழையாக இருப்பதில்லை, எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே செல்லுக்குள் இரண்டு வகை வைரஸ் புகுந்தால் துண்டுகள் மாறிச் சேர்ந்து புது வகை பிறக்கும். இரண்டு ரக மக்காச்சோளம் பக்கத்துப் பக்கத்தில் பூத்தால் கதிரில் மணிகள் கலந்து வருகிற மாதிரி. 2009 வைரஸில் பறவை, பன்றி, மனிதன் மூன்று வழியாகவும் வந்த துண்டுகள் இருந்தன. தும்மிக்கொண்டே நீங்கள் பன்றிக்குத் தீனி வைக்க, அதே பன்றி வாத்துத் தொட்டியில் குடிக்க, இரண்டும் சந்திக்க அந்த ஒரு பன்றி போதும். காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் பன்றிப் பக்கம் போகாதீர்கள். வேறு ஆள் இல்லை என்றால் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வருடாந்திர ஃபுளூ தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் சேரும் வாய்ப்பை அது குறைக்கிறது. கால்நடை வைத்திருப்பவர் போட்டுக்கொள்ள அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

உங்களுக்கு அவற்றிடமிருந்து வருமா? வரலாம், ஆனால் எளிதில் இல்லை. மாடுகளில் பரவத் தொடங்கிய பிறகு அமெரிக்காவில் சுமார் 70 பேருக்கு உறுதியானது. பெரும்பாலோர் பண்ணையில் வேலை செய்தவர்கள். பலருக்கும் முதலில் வந்தது கண் சிவப்பு. மனிதக் கண்ணின் மேல்தோலில் பறவை வகைச் சர்க்கரை நுனி இருக்கிறது, கறக்கும்போது பால் தெறிப்பதும் முகத்தில்தான். மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில் நோய் வந்த பண்ணைகளின் தொழிலாளர்கள் 115 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 8 பேருக்கு, தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் இருந்தது. அந்த எட்டுப் பேருமே பால் கறந்தவர்கள் அல்லது கறவைக் கூடத்தைக் கழுவியவர்கள். பால் தரையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது கண்ணாடி அணியச் சொல்வது இதனால்தான். லேசான நோய்தானே என்றும் விட்டுவிட முடியாது. 2025 ஜனவரியில் லூசியானாவில், வீட்டுக் கோழிகளோடும் காட்டுப் பறவைகளோடும் தொடர்பிருந்த ஒருவர் இறந்தார். மாடுகளில் முதலில் பரவியதற்குச் சற்றே வேறான வகை அது.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொடர்ந்து பரவியதாக இதுவரை இல்லை. ஆனால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று 2024 டிசம்பரில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மாட்டு வைரஸின் மேல்புரதத்தில் 226-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றியதும், ஆய்வகத்தில், அந்தப் புரதம் மனித வகைச் சர்க்கரை நுனியைப் பற்றத் தொடங்கிவிட்டது. பரவ அது மட்டும் போதாது, வேறு மாற்றங்களும் சேர வேண்டும். வீடியோக்காரர்கள் இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுவார்கள்.

இன்னொன்றும் சுவையானது. கேம்பிரிட்ஜ், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2025 கடைசியில் வெளியிட்டது. நம் மூக்கில் வெப்பம் சுமார் 33 டிகிரி செல்சியஸ், பறவையின் உடம்பு 40-ஐத் தாண்டும். மனித ஃபுளூவைக் காய்ச்சலின் சூடே அமுக்கிவிடுகிறது. பறவை வைரஸ் அந்தச் சூட்டில் சௌகரியமாகப் பெருகுகிறது. அதற்கு உதவுவது எட்டுத் துண்டுகளில் ஒன்றான ‘பிபி1’. 1957, 1968 பெருந்தொற்று வைரஸ்கள் இந்தத் துண்டைப் பறவை வைரஸிடமிருந்துதான் பெற்றிருந்தன.

பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும் வழக்கமான பதப்படுத்தலே இந்த வைரஸைச் செயலிழக்க வைக்கிறது, கொதிநிலை அதற்கும் மேலே. பச்சைப் பாலை ஃபிரிட்ஜில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 4 டிகிரியில் ஐந்து வாரம் கழித்தும் அதில் உயிருள்ள வைரஸ் இருந்தது. திரி விழும் அந்த மாட்டின் பால் மட்டும், காய்ச்சினாலும், யாருக்கும் வேண்டாம்.

கோழிகளை விற்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நோய் இல்லை என்றால் வீண் நஷ்டம். இருந்தால் அதைச் சந்தைக்கும் இன்னொருவர் கொட்டகைக்கும் நீங்களே சுமந்துபோனதாக ஆகும். கோழி கொத்தாகச் செத்தால் வெள்ளைக் கழிச்சலாகவும் இருக்கலாம், கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்களே அறுத்துப் பார்க்காமல், வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். சேவலையும் மாட்டையும் வெளியே அனுப்பாதீர்கள். மரபணு திருத்திய, எளிதில் தொற்றாத கோழியை ஸ்காட்லாந்தில் உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் வைரஸின் அளவைக் கூட்டியதும் பாதிக் கோழிகளுக்கு நோய் தொற்றிவிட்டது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவர் வந்ததும் மூன்று விஷயங்களை அவர் கேட்காமலே சொல்லுங்கள்: வாத்துகள் ஏரிக்குப் போய்வருவது, தொட்டி பொதுவாக இருப்பது, போன வாரம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. நாளைக்கு இன்னொரு மாடும் தீவனத்தை விட்டு, நான்கு காம்பிலும் பால் கெட்டியானால், மடிநோய்ச் சோதனையோடு இன்ஃபுளுவென்சாவுக்கும் பால் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சமயத்தில் உங்களுக்கோ வீட்டில் கறப்பவருக்கோ கண் சிவந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், கால்நடைகளோடு இருப்பவர் என்பதைச் சொல்லிவிடுங்கள். ஃபுளூவுக்கான மாத்திரை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.