இறங்கலாமா, பொறுக்கலாமா? – தொழில் கேள்வி பதில்

கேள்வி: அண்ணன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். வீட்டில் நெத்திலி காய வைத்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து வருகிறேன். வாங்கிச் சாப்பிட்டவர்கள் எல்லோரும், 'பாக்கெட் போட்டு ஆன்லைனில் வில்லு' என்கிறார்கள். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நகையை வைத்துப் புரட்டலாம். நான் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகி, தேவிபட்டினம்

பதில்: சும்மா கொடுத்த கருவாட்டை யாரும் குறை சொல்வதில்லை. அந்தப் பேச்சை ஓரமாக வைத்துவிட்டுத் தராசை எடுங்கள்.

20 கிலோ பச்சை நெத்திலியை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கொண்டுவந்த மீனாகவே இருந்தாலும், அன்றைக்குக் கரையில் ஏலம் போன விலையைத்தான் நோட்டில் எழுத வேண்டும். அவர் சும்மா தருவதை உங்கள் லாபமாக எழுதினால், அது அவருடைய நஷ்டம். கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மீனுக்கு 2,000 ஆயிற்று. நெத்திலி நன்றாகக் காய்ந்தால் நாலு, ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோதான் தேறும். 20 கிலோ காய்ந்து நாலரை கிலோ வரும். உடைந்தது, நொறுங்கியது, காக்கா தூக்கியது போக பாக்கெட்டில் போட 4 கிலோ மிஞ்சும். ஆட்டோ, ஐஸ், உப்புக்கு 150 ரூபாய். உங்கள் கூலி 400. கால் கிலோ பாக்கெட் 16-க்கு கவரும் லேபிளும் தலா 8 ரூபாய் வீதம் 128. மொத்தம் 2,678. அதாவது கிலோ 670 ரூபாய் அடங்குகிறது, கூரியர் தனி. 600-க்கு விற்றால் கிலோவுக்கு 70 ரூபாய் கையை விட்டுப் போகும். ஆனால் கூலியை எழுதாமல் விட்டவருக்கு அடக்கம் 570 என்று தெரியும், 30 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுவார். வீட்டோடு செய்யும் தொழில்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் படுக்கின்றன.

விலைகள் உங்கள் கரையில் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை இதுதான். ஒரு தடவை போட்டால் போதாது. மூன்று தடவை காய வையுங்கள், அதில் ஒன்று மேகமூட்டமான நாளாக இருக்கட்டும். மணலில் பரப்பாதீர்கள். ஒரு பாக்கெட்டில் பல்லில் மணல் கடிபட்டால் அந்த வாடிக்கையாளர் அதோடு சரி. இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்புங்கள், அடியிலும் காற்று ஓடும். மீனை ஒடித்தால் 'டிக்'கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்ததை வெயில் சூட்டோடு பாக்கெட்டில் அடைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. உள்ளே வியர்த்து, அந்த நீரே பூசணத்தைக் கொண்டுவரும். நிழலில் நன்றாக ஆறவிட்டு அடையுங்கள்.

பாறை, வாளை போன்ற பெரிய மீனுக்குப் போனால் மூன்று, நான்கு கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு வேண்டும். வாலிநோக்கம் பக்கம் உப்பு மலிவு என்று புதிதாக வாரிய உப்பை வாங்காதீர்கள். அதில் மெக்னீசியம் கூடுதலாக இருப்பதால் ஈரத்தை இழுக்கும், கருவாடும் கசக்கும். நாள்பட்டுக் காய்ந்த கல்லுப்பு நல்லது. கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் படர்ந்தால், உப்போடு வந்த கிருமி ஈரத்தில் பெருகிவிட்டது என்று அர்த்தம். கழுவிக் காய வைத்து விற்க நினைக்காதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் மூன்று பாக்கெட்டை அடுக்களை அலமாரியில் வைத்து 30, 60, 90-வது நாளில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். எத்தனை நாள் தாங்குகிறது என்று தெரியாமல் லேபிளில் தேதி போட முடியாது.

அடுத்தது காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. வள்ளம் போகும்தான். ஆனால் அந்த நாளில் பச்சை மீனுக்கே நல்ல விலை, காய வைக்க மிஞ்சாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. உங்கள் பக்கத்துப் பெண் கடலே (பாக் விரிகுடா) வாடைக் காலத்தில் முரடாகிவிடும். மீன் வந்தாலும் வெயில் இருக்காது. மாதம் 10 கிலோ விற்பதாக வைத்தாலும், மழைக்கால மூன்று மாதத்துக்கு 30 கிலோ முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். 670 வீதம் 20,100 ரூபாய். உங்கள் 60,000-ல் மூன்றில் ஒரு பங்கு டப்பாவுக்குள் முடங்கிக் கிடக்கும். அதைத் தாங்க முடியுமா என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பரீட்சை.

உறவு இல்லாத 20 பேர் காசு கொடுத்து வாங்கி, அதில் ஐந்து பேராவது கேட்காமலே திரும்ப ஆர்டர் கொடுத்தால் இறங்குங்கள். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும். வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், சிறு விற்பனையாளருக்கான கட்டணம் பெரிய தொகை இல்லை. அந்த 14 இலக்க எண், எடை, பாக்கெட் போட்ட தேதி, விலை, முகவரி, அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் எல்லாம் லேபிளில் வர வேண்டும். சோதனைக்கு அடுக்களைத் தராசு போதும், விற்பனைக்கு முத்திரை போட்ட தராசு.

கேள்வி: வளைகுடாவிலிருந்து நாலு லட்சத்தோடு திரும்பிவிட்டேன். ராமேஸ்வரத்தில் டீக்கடை போட்டால் ஓடுமா? யாத்ரீகர் கூட்டம் எப்போதும் இருக்கிறதே. – வாசகர், பாம்பன்

பதில்: கூட்டம் இருக்கிறது, உங்கள் கடை வாசலில் இருக்கிறதா என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும். பார்த்து வைத்த இடத்துக்கு எதிரில் மூன்று நாள் நில்லுங்கள்: ஒரு சாதாரண செவ்வாய், ஒரு ஞாயிறு, ஒரு அமாவாசை. விடியற்காலை 4 மணிக்கே போய்விட வேண்டும். அக்னி தீர்த்தத்தில் முழுகி, ஈரத்துணியோடு 22 தீர்த்தத்துக்கு ஓடுகிறவர்கள் போகும்போது டீக்கு நிற்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் நிற்பார்கள். எந்தத் தெரு வழியாகத் திரும்புகிறார்கள் என்பதில் இருக்கிறது வியாபாரம்.

ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தை வைத்து வாடகை பேசாதீர்கள், செவ்வாய்க்கிழமையை வைத்துப் பேசுங்கள். உதாரணத்துக்கு வாடகை 15,000, மாஸ்டர் சம்பளம் 24,000, கரண்டும் கேன் தண்ணீரும் 3,000, உங்கள் வீட்டுச் செலவு 18,000 என்றால் மாதம் 60,000, நாளைக்கு 2,000. (தண்ணீரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் டீயை ஒருமுறை குடித்தவர் திரும்ப வரமாட்டார்.) 15 ரூபாய் டீயில் பால், தூள், சர்க்கரை, கேஸ் போக 7 ரூபாய் நிற்கும் என்று வைத்தால், நாளைக்கு 286 டீ விற்றால்தான் கடனும் இல்லை, லாபமும் இல்லை. செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

இன்னொன்று. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. ஸ்டேஷன் வாசலை மட்டும் நம்பிய கடைக்கு அது இரண்டு வருஷத்துக்கு மேல். ஆகவே நாலு லட்சத்தையும் அட்வான்ஸிலும் ஃபர்னிச்சரிலும் போட்டுவிடாமல், ஆறு மாத வீட்டுச் செலவான 1,08,000-ஐ முதலில் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். மிச்சத்தில் கடை முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் தள்ளுவண்டியில் ஆரம்பிப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கேள்வி: மானியத்தோடு கடன் கிடைக்கிறது என்கிறார்கள். அதை வாங்கி ஏதாவது ஒரு தொழில் தொடங்கலாமா? – வாசகி, தொண்டி

பதில்: 'ஏதாவது ஒரு தொழில்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இப்போதைக்கு வேண்டாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் போன்றவற்றில் மானியம் உங்கள் கையில் ரொக்கமாக வராது. வங்கியிலேயே மூன்று வருஷம் வைப்பாகக் கிடக்கும், தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். மாதத் தவணையை நீங்கள்தான் கட்டியாக வேண்டும். தொழிலை முடிவு செய்த பிறகு, கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் இலவசமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, விலைப்புள்ளிகளோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். முன்பணம் கேட்கும் இடைத்தரகர் தேவையே இல்லை.