கத்தரிக்கு நடுவே இருக்கும் இரண்டடி

கேள்வி: பண்ருட்டி பக்கம் 10 சென்ட் செம்மண் கொல்லையில் ரசாயனம் போடாமல் கத்தரி வைத்திருக்கிறேன். நட்டு ஒரு வாரம் ஆகிறது. இரண்டடிக்கு இரண்டடி விட்டதைப் பார்த்த மாமனார், 'பாதி நிலத்தைச் சும்மா போட்டுட்டியேம்மா' என்று தினமும் சொல்கிறார். நடுவில் இன்னொரு வரிசை கத்தரியே வைத்துவிடலாமா, வேறு ஏதாவது போடலாமா?
- வாசகி, பண்ருட்டி

பதில்: இன்னொரு வரிசை கத்தரி மட்டும் வேண்டாம். இரண்டடிக் கணக்கில் ஒரு சென்ட்டுக்கு 108 செடி பிடிக்கும், நடுவில் ஒரு வரிசை சேர்த்தால் 217 ஆகிவிடும், காயும் இரட்டிப்பாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பாகூரில் நான் ஒரு வருஷம் ஒன்றரை அடியில் நட்டுப் பார்த்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் செடிக்குச் செடி இலை பின்னிக்கொண்டு, மதியம் 12 மணிக்குக்கூட உள்பக்கம் ஈரம் காயவில்லை, மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த காயெல்லாம் அழுகிவிட்டது, குருத்து வாடிய கிளையைத் தேடிக் கிள்ளவும் கை நுழையவில்லை. கடலோரத்தில் மழை விட்ட பிறகும் காற்றில் ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கும், மருந்தடிக்காத நமக்கு அந்த இரண்டடிக் காற்றோட்டம் ரொம்ப முக்கியம்.

ஆனால் மாமனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெறும் மண்ணாகக் கிடந்தால் களைதான் மண்டும், செம்மண் வேறு வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். கத்தரி பரந்து இலையோடு இலை முட்ட எப்படியும் 40, 45 நாள் ஆகும், அதற்குள் வளர்ந்து வெளியேறிவிடுகிற பயிராகப் போடுங்கள். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம், கொத்தமல்லியும் முள்ளங்கியும் 40, 45 நாளுக்குள் கைக்கு வந்துவிடும். கத்தரி பாரின் (மேட்டு வரிசையின்) ஒரு பக்கம் இருந்தால் இவற்றை எதிர்ப்பக்கத்தில் போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் தூரம் எதுவும் வேண்டாம், முள்ளங்கியை இன்னும் கொஞ்சம் தள்ளியே ஊன்றுங்கள், இல்லையென்றால் அதைப் பிடுங்கும்போது கத்தரியின் பக்கவேரும் அறுந்து வந்துவிடும்.

என்னைக் கேட்டால் கொத்தமல்லிக்குத்தான் முதலிடம். முழுவதையும் கீரையாக அறுத்துவிடாமல் பத்தடிக்கு ஒரு கொத்து பூக்க விடுங்கள். அந்த வெள்ளைப் பூவுக்குக் குட்டிக் குட்டிக் குளவிகள் வரும், அவற்றில் பல, புழுக்களுக்கும் முட்டைகளுக்கும் எதிரி. அதற்காகக் குருத்தையும் காயையும் துளைக்கிற காய்ப்புழுவே வராது என்று இருந்துவிடாதீர்கள். காலையில் போய்ப் பாருங்கள், செடி நன்றாக இருக்கும், ஒரு நுனி மட்டும் தலை தொங்கி நிற்கும். அதை இரண்டு விரற்கடை கீழே கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாய்ப் புழு இருக்கும். கிள்ளியதை வரப்பில் போடாமல் எரித்துவிடுங்கள்.

இடம் இருக்கிறதே என்று தக்காளியையோ மிளகாயையோ நடுவில் சொருகாதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம், வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். அப்புறம், ஒரே மண்ணில் இரண்டு பயிர் சாப்பிடப் போகிறது, சென்ட்டுக்கு 100 கிலோ மக்கிய தொழுவுரம் என்ற கணக்கைவிடக் குறைத்துப் போட்டிருந்தால் மீதியை இப்போதே பாருக்கு நடுவில் போட்டுக் கொத்திவிடுங்கள். விதைக்கு யோசனை வேண்டுமென்றால் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், பாலூர் 1 கத்தரி அங்கே வந்த ரகம்.

கேள்வி: தக்காளிக்கு நடுவே துலுக்க சாமந்தி வைத்தேன். பூ நன்றாக வந்தது, தக்காளியில் புழுவும் வந்தது. எங்கே தப்பு?
- வாசகர், நெட்டப்பாக்கம்

பதில்: இரண்டையும் ஒரே நாளில் விதைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தக்காளி பூக்கிற நேரத்தில் சாமந்தியும் பூத்து நின்றால்தான் தாய் அந்துப்பூச்சி அங்கே போய் முட்டையிடும். அதனால் சாமந்தி விதையை 15 நாள் முன்னாலேயே தூவி, 40 நாள் நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நடுங்கள். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை சாமந்தி போதும், உயரமாக வளர்கிற மஞ்சள் ரகமாக இருக்கட்டும். பூவை இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்துப் புழுவை அழியுங்கள், அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் அங்கேயே வளர்ந்து தக்காளிக்கு வந்துவிடும்.

கேள்வி: முந்திரித் தோப்பில் ஊடுபயிர் போடலாமா?
- வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: கன்றுகள் காய்ப்புக்கு வரும் வரைக்கும் தாராளமாகப் போடலாம். மழை கிடைத்ததும் உழுது கடலை, உளுந்து, காராமணி போடுங்கள். மரம் கைகோத்து நிழல் கட்டிய பிறகு அடியில் விதைப்பது வீண், சருகை அங்கேயே மூடாக்காக விட்டுவிடுங்கள்.